இயக்கி கையொப்பமிடவில்லை

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது மாப்பிள்ளைக்குக் குரல் போச்சு. தொண்டை கட்டிக்கிட்டதுன்னா சுக்குக் காப்பி போட்டுக் குடுத்திருப்பேன். இது குரல்பெட்டியே செத்துப் போச்சு. பஸ் ஸ்டாண்ட் கூரை ஒழுகி, அந்தத் தண்ணிக்கு வேற இடமே கிடைக்காத மாதிரி இவரு கழுத்துக்குள்ள இறங்கியிருக்கு.

மாப்பிள்ளை பேரு சிவதாணு. அம்பத்திரண்டு வயசு, நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டுல டைம்கீப்பர். பதினேழு வருசத்துக்கு முன்னால கேன்சர்னு சொல்லித் தொண்டையை அறுத்து எடுத்துட்டாங்க. அப்போ கழுத்துல ஒரு குரல்பெட்டியும், அதை ஓட்டுறதுக்கு நெஞ்சுக்குள்ள ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியும் வச்சு விட்டாங்க. இவரு இருதயம் வேற கொஞ்சம் சோம்பேறி. அதையும் தட்டி எழுப்பி ஓட வைக்கிறது அதே பெட்டிதான். கடையில நாங்க அதைக் கட்டுப்பெட்டின்னுதான் சொல்லுவோம். பேருக்கு ஏத்த மாதிரி புதுசா எதைக் கொண்டு வந்தாலும் ஒத்துக்காது, சவம்.

மணப்பொண்ணு நான்தான். லில்லிபாய், வயசு நாப்பத்தாறு. உடம்புக்குள்ள வைக்கிற சாமானெல்லாம் ரிப்பேர் பாக்குற கடை நடத்துறேன். காது வரும், கண்ணு வரும், முழங்கால் வரும். ஆறு வருசத்துக்கு முன்னால இவரு குரல் கரகரங்குதுன்னு வந்தாரு. குரல் சரியான பிறகும் வந்துக்கிட்டே இருந்தாரு. எனக்கு இது ரெண்டாம் கல்யாணம், அவருக்கு முதல்.

இந்த வயசுல கல்யாணம் கேக்குதாக்கும்னு என் அண்ணனே கேட்டான். மார்ச் மாசம் இவரு பஸ் ஸ்டாண்டுல மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில கிடந்தப்போ, நீங்க நோயாளிக்கு என்ன வேணும்னு கேட்டாங்க. ரிப்பேர்காரின்னு சொல்ல முடியுமா? ரெண்டு நாள் என்னை வாசல்லயே உக்கார வச்சுட்டாங்க. உள்ள இருக்காரா இல்லையான்னுகூட ஒருத்தனும் சொல்லல. அன்னைக்குத்தான் முடிவு பண்ணினோம், ரெஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கிடுவோம்னு. அவரு இந்து, நான் கிறிஸ்டியன். ரெஜிஸ்டர் கல்யாணம்னா அதிகாரி முன்னால ரெண்டு பேரும் வாயால சொல்லணும். எழுதிக் குடுத்தாச் செல்லாது. போலிக் குரல் பெருகிப் போனதுக்கப்புறம் ஒரு சட்டம் வந்துச்சு. பேசுற கருவி எதுவா இருந்தாலும், பேசினது யாருன்னு முத்திரை போட்டுத்தான் அரசாங்க மெஷினுக்கு அனுப்பணும். போன வருசம் இன்னொண்ணு சொன்னாங்க. எங்க கல்யாணத்துக்கு அடுத்த மாசம் ஒண்ணாந்தேதியிலேருந்து பழைய ஏழாம் பதிப்புப் பெட்டிக்காரங்க வாய்மொழி எந்த ஆபீஸ்லயும் செல்லாது.

சிவதாணு நெஞ்சுல இருக்கிறது ஏழாம் பதிப்பு. பெட்டியை மாத்தலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டோம். நெஞ்சைத் திறந்தா அப்புறம் மூடுறதுக்கு ஆள் இருக்கமாட்டாருன்னுட்டாரு. அதிகாரி குடுத்த தேதி அந்த வார வெள்ளிக்கிழமை. மாசத்தோட கடைசி வேலை நாளும் அதுதான். வெள்ளிக்கிழமை விட்டா இந்த ஜென்மத்துல கல்யாணம் கிடையாது, பாத்துக்கிடுங்க.

செவ்வாய்க்கிழமை காலையில புதுக் குரல்பெட்டி ஒண்ணை மாட்டினேன். மடிக்கணினியில ஒரு வரி வந்துச்சு: இயக்கி கிடைக்கவில்லை.

இருக்கிற பழைய டிரைவர் சாஃப்ட்வேரை எல்லாம் தேடி எடுத்து ஒவ்வொண்ணா ஏத்திப் பாத்தேன். ஏழாம் பதிப்புக்குப் பொருந்துற ஒரே குரல் டிரைவர் ஒரு லிஃப்டுக்கு எழுதினது. ஏத்தின உடனே சிவதாணு வாயைத் திறந்தாரு. "கீழ் தளம்" அப்படின்னு ஒரு பொம்பளைக் குரல் வந்துச்சு. அவரு பயந்து என்னைப் பாத்தாரு. ஏதோ சொல்ல வந்தாரு.

"அதிக எடை. ஒருவர் வெளியேறவும்."

"யாரைச் சொல்றீங்க?" அப்படின்னேன். எனக்கு எண்பத்திரண்டு கிலோவாக்கும், அதுல எனக்கு எப்பவுமே கொஞ்சம் வருத்தம் உண்டு.

அவரு கையெடுத்துக் கும்பிட்டு, டிரிப் ஷீட்டுக்குப் பின்பக்கம் அவசர அவசரமா எழுதினாரு: தண்ணி கேட்டேன். அது பொய் சொல்லுது.

சரி, நானே எழுதுறேன்னு புதன்கிழமை முழுக்க உக்காந்தேன். செத்துப் போன பெட்டியோட டிரைவரைப் பிரிச்சு, புதுப் பெட்டி அளவுக்கு வெட்டித் தச்சேன். சோதிச்சுப் பாக்க மேசையில வச்சிருந்த ஒரு பழைய கட்டுப்பெட்டியில போட்டா அழகாப் பேசுது. இவரு நெஞ்சுல ஏத்தினா ஒத்துக்கமாட்டேங்குது. எனக்கு ஆத்திரமும் வெப்ராளமும் தாங்கல. மேசையில ஓங்கி அடிச்சதுல கையும் வீங்கிப் போச்சு.

வியாழக்கிழமை மத்தியானம் பூதலிங்கம் அண்ணாச்சி கடைக்கு வந்தாரு. சிவதாணுவுக்குப் பக்கத்து வீடு, கீழத்தெரு இயக்கியம்மன் கோயிலுக்கு டிரஸ்டி. எங்க கல்யாணத்துக்கு மூணு சாட்சியில ஒருத்தர். மத்த ரெண்டு பேரு எதிர்த்த டீக்கடைக்காரரும் அவரு சம்சாரமும். அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு மடிக்கணினியைச் சத்தமா வாசிச்சாரு.

"இயக்கி கையொப்பமிடவில்லை. இந்த இயக்கியை நம்ப முடியாது."

வாசிச்சு முடிக்கும்போது அவரு முகமே கறுத்துப் போச்சு.

"ஏ பிள்ளே, எவன் எழுதினான் இதை? இயக்கியை நம்ப முடியாதா? அவ காதுல விழுந்தா என்ன ஆகும் தெரியுமா?"

"ஐயோ அண்ணாச்சி, இது உங்க இயக்கி இல்ல. டிரைவரைத் தமிழ்ல இயக்கிம்பாங்க."

"அம்மன் எப்போ டிரைவரானா?"

"அம்மன் ஆகல. ஒரு சாமானைப் பெட்டியில மாட்டினா, இது எப்படிப் பேசும், எதைச் சொன்னாக் கேக்கும்னு பெட்டிக்குச் சொல்லிக் குடுக்க நடுவுல ஒண்ணு வேணும்லா? அதுதான் டிரைவர்."

"நடுவுல நிக்கிறவளுக்குக் கையெழுத்து எதுக்கு?"

"எவனோ எழுதின கள்ள டிரைவரை மனுசன் உடம்புல ஏத்திரக் கூடாதுல்லா? அதனால ஒரு கம்பெனியோ சங்கமோ, பதிவு பண்ணின அமைப்பு எதாவது கையெழுத்துப் போட்டிருக்கணும். பேனாக் கையெழுத்து இல்ல, கம்ப்யூட்டர் கையெழுத்து. இதைச் செஞ்ச கம்பெனி மூடிப் பன்னிரண்டு வருசமாச்சு. நான் மனு போட்டா நாப்பது நாள் ஆகும். அப்படியே குடுத்தாலும் புதுச் சான்றிதழ் குடுப்பான். இந்தக் கட்டுப்பெட்டிக்குப் பழைய சான்றிதழ்தான் கண்ணுக்குத் தெரியும்."

அண்ணாச்சி கொஞ்ச நேரம் தாடையைச் சொறிஞ்சாரு. "அப்போ இயக்கி கையெழுத்துப் போட்டா இது ஒத்துக்கிடுமா?"

"ஒத்துக்கிடும்" அப்படின்னேன், இருந்த எரிச்சல்ல.

"அட இதுக்கா நாலு நாளாக் கிடந்து தவிக்கிறே? அவ கையெழுத்து என்கிட்டேல்லா இருக்கு!"

இடுப்புலேருந்து சாவிக்கொத்தை எடுத்தாரு. உண்டியல் சாவி, மடப்பள்ளிச் சாவி, அதுக்கு நடுவுல பென்டிரைவ் மாதிரி ஒண்ணு. மஞ்சக் கயிறு சுத்தி, குங்குமம் வச்சிருந்தாரு. கோயிலுக்குச் சுத்துச்சுவர் கட்ட பதினெட்டு வருசத்துக்கு முன்னால ஆன்லைன் டெண்டர் விடச் சொன்னாங்களாம். சொத்து அம்மன் பேர்ல இருக்கிறதால கையெழுத்தும் அம்மன் பேர்லதான் இருக்கணும்னு வக்கீல் சொல்லி, அவ பேருக்கே வாங்கியிருக்காரு. வருசம் தவறாமப் புதுப்பிச்சும் இருக்காரு.

நான் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே அதை வாங்கி மடிக்கணினியில சொருகிப் பாத்தேன். சொருகின உடனே என் சிரிப்பு நின்னு போச்சு. பழைய சான்றிதழ், பழைய முறை, கட்டுப்பெட்டிக்கு நல்லாத் தெரிஞ்ச இடத்துலேருந்து வந்தது. எல்லாம் பொருந்துது.

"இரு, அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்" அப்படின்னு அண்ணாச்சி கோயிலுக்குப் போயி பூக்கட்டிப் பாத்துட்டு வந்தாரு. வெள்ளைப் பூ வந்துச்சாம், அம்மனுக்குச் சம்மதம்னு அர்த்தம். பாஸ்வேர்டு அடிக்கும்போது, "அந்தாண்ட பாரு, அம்மன் பாஸ்வேர்டாக்கும்" அப்படின்னு என்னையும் சிவதாணுவையும் திரும்பி நிக்க வச்சாரு.

இயக்கி கையொப்பமிடப்பட்டது. வெளியீட்டாளர்: இயக்கியம்மன். இவரை எப்போதும் நம்பலாமா?

"இது ஒரு கேள்வியா" அப்படின்னு அண்ணாச்சியே 'ஆம்' அமுக்கினாரு.

சிவதாணு வாயைத் திறந்தாரு. "லில்லி" அப்படின்னாரு. அவரோட அதே கரகரப்பு, அதே இழுவை. நான் அழுதுட்டேன், மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. அண்ணாச்சி கன்னத்துல போட்டுக்கிட்டாரு.

வெள்ளிக்கிழமை மூணரைக்கெல்லாம் பதிவு ஆபீஸ் போயிட்டோம். அதிகாரி வசுமதி மேடம், முப்பது முப்பத்தஞ்சு வயசு இருக்கும். சிரிக்கவும் மாட்டாங்க, அதட்டவும் மாட்டாங்க. முதல்ல நான் சொன்னேன். மெஷின்ல பச்சை விளக்கு வந்துச்சு. அப்புறம் சிவதாணு வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டு எழுந்து நின்னாரு.

"சிவதாணுவாகிய நான், லில்லிபாயாகிய உன்னை, என் சட்டப்படியான மனைவியாக ஏற்றுக்கொள்கிறேன்."

சிவப்பு விளக்கு எரிஞ்சுச்சு. கூடவே கீ கீன்னு ஒரு சத்தம்.

மேடம் திரையைப் பாத்தாங்க. கண்ணாடியைக் கழட்டிட்டு மறுபடியும் பாத்தாங்க. "பேசியவர் இயக்கியம்மன்னு வருது."

எனக்கு உச்சந்தலையில தண்ணி ஊத்தின மாதிரி ஆச்சு. பேசினது யாருங்கிற பேரை அந்தப் பழைய டிரைவர்ல ஒரு இடத்துல எழுதி வச்சிருப்பாங்க. வெட்டித் தச்ச அவசரத்துல நான் அதை விட்டுட்டேன். பேரு இல்லேன்னதும் முத்திரை கையெழுத்துப் போட்டவங்க பேரை எடுத்துக்கிட்டிருக்கு. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

"பேரு தப்பா வந்திருக்கு மேடம், ஆளு இவருதான்" அப்படின்னேன்.

"பேரு மட்டும் இல்லம்மா. நிலைங்கிற இடத்துல மைனர்னு வருது."

"மைனரா?"

"சட்டத்துல சாமி எப்பவுமே மைனர்தான். அதனாலதான் சொத்தைப் பாத்துக்க டிரஸ்டி வைக்கிறது. இப்போ ஒரு மைனர் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னதாப் பதிவாகியிருக்கு. குழந்தைத் திருமணம். மெஷின் அதுவா தகவல் அனுப்பிடுச்சு."

சொல்லி வாய் மூடல, மேசையில போன் அடிச்சுது. குழந்தைகள் பாதுகாப்புலேருந்து ஒரு பொண்ணு. மேடம் ஸ்பீக்கர்ல போட்டாங்க.

"பிள்ளை இப்போ பத்திரமா இருக்கா?"

"பத்திரமா இருக்கா. கோயில்ல இருக்கா" அப்படின்னாரு அண்ணாச்சி.

"நீங்க யாரு?"

"நான் கார்டியன்."

"பிள்ளைக்கு என்ன வயசு?"

அண்ணாச்சி நேர்மையான மனுசன். "முன்னூறு இருக்கும். கூடவும் இருக்கலாம்."

அந்தப் பக்கம் கம்ப்யூட்டர்ல தட்டி ஏத்துற சத்தம் வந்துச்சு. "சார், படிக்கிறாளா?" அப்படின்னு கேட்டுச்சு. மேடம் போனை வாங்கித் தணிவாப் பேசி வச்சாங்க. ஆனா அண்ணாச்சிக்கு அதுக்குள்ள வேற பயம் பிடிச்சுக்கிட்டுது. "லில்லி, இது பதிவாச்சுன்னா அம்மன் உன்னையல்லா கட்டினதா ஆகும்? கோயில் நிலம் நாலு ஏக்கர் இருக்கு பிள்ளே. நான் ஊர்ல போயி என்ன சொல்லுவேன்? கார்டியன்ங்கிற முறையில நான் சம்மதிக்கமாட்டேன்!"

"நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி!" அப்படின்னு சிவதாணு சொல்ல, மெஷின் மறுபடியும் கீ கீன்னுச்சு.

"சார், தயவுசெய்து நீங்க பேசாதீங்க" அப்படின்னாங்க மேடம். "நீங்க பேசப் பேச அந்தப் பிள்ளை பேர்ல ஏறுது. எனக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் நேரம். அதுக்குள்ள இவரு பேர்ல வந்தாப் போட்டுக்கிடுறேன். எனக்கும் ஆசைதான்."

மணி நாலேகால். சிவதாணு ஒரு காகிதம் எடுத்து எழுதினாரு: வேற வழி உண்டா?

"இல்ல" அப்படின்னேன்.

அவரு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தாரு. ஆறு வருசப் பழக்கம், பொய் சொன்னாத் தெரிஞ்சு போகும். எழுதினதையே மறுபடியும் என் பக்கம் தள்ளினாரு.

வழி இருந்துச்சு. செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும், வேணும்னேதான் சொல்லல. கட்டுப்பெட்டியை அணைச்சுத் திரும்பத் தொடங்கும்போது ஒரு இடத்துல நிறுத்தி, கையெழுத்துக் காவல் வேண்டாம்னு சொல்லலாம். மேசைப் பெட்டியில நான் அப்படித்தான் செஞ்சேன். அப்போ கையெழுத்தே இல்லாத டிரைவரும் ஓடும், முத்திரைக்கு வேற பேரு கிடைக்காததால பெட்டிக்காரர் பேரே விழும். ஆனா பெட்டி அணைஞ்சு எழும்ப பதினோரு வினாடி ஆகும். அந்தப் பதினோரு வினாடி அவரு இருதயத்தைத் தட்டி எழுப்ப யாரும் கிடையாது. இதை அப்படியே சொன்னேன். சொல்லிட்டு, "கல்யாணமே வேண்டாம். எப்பவும் போல இருந்துட்டுப் போவோம். எனக்கு நீங்க இருந்தாப் போதும்" அப்படின்னேன்.

அவரு எழுதினாரு: மார்ச் மாசம் நீ வாசல்ல உக்காந்திருந்தே. அடுத்த தடவையும் வாசல்லயா?

அதுக்குக் கீழ இன்னொரு வரி எழுதினாரு: பதினோரு நிமிஷம் லேட்டான பஸ்ஸே வந்து சேருது.

"நீங்க பஸ் இல்ல" அப்படின்னு கத்தினேன்.

மேடம் எழுந்து போயி கதவைச் சாத்துனாங்க. டீக்கடைக்காரரும் சம்சாரமும் பெஞ்சை இழுத்துப் போட்டு அவரைப் படுக்க வச்சாங்க. அண்ணாச்சி மூலையில நின்னு அம்மனைக் கூப்பிட ஆரம்பிச்சுட்டாரு. நான் பையிலேருந்து மடிக்கணினியை எடுத்து, அதோட கம்பியை அவரு நெஞ்சுல ஒட்டி, ஒரு கையால அவரு மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டேன். இன்னொரு கை மடிக்கணினியில. எந்த விரலால அமுக்கினேன்னு இப்போ கேட்டாலும் தெரியாது.

நாடி நின்னுச்சு. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணினேன். அஞ்சுல அவரு உதடு வெளுத்துச்சு. ஆறுல கையெழுத்துக் காவலைத் தூக்கினேன். ஒம்பதுல திரையில ஒரு வரி: புதுப்பிப்புகள் நிறுவப்படுகின்றன. ஒன்று, மொத்தம் மூன்று. பெட்டியை அணைக்க வேண்டாம்.

பன்னிரண்டு வருசமா ஒரு புதுப்பிப்பும் வராத சவம்! எங்க கிடந்து வந்துச்சோ! நான் யேசுவே யேசுவேன்னு அலறுறேன், அண்ணாச்சி தாயே தாயேங்கிறாரு, மேடம் ரெண்டுல எதுன்னு தெரியாம ரெண்டையும் சேத்துச் சொல்றாங்க. பதினாலு. பதினாறு. மொத்தம் மூன்றில் மூன்று. பத்தொம்பதுல என் விரலுக்கடியில டொக்குன்னு ஒண்ணு. அப்புறம் இன்னொண்ணு. அவரு தொண்டையிலேருந்து பெட்டி தொடங்குற அந்தப் பழைய டிடிங் டிங் இசை வந்துச்சு. அதைப் போல இனிமையான பாட்டை நான் எந்தக் கச்சேரியிலயும் கேட்டதில்ல.

அஞ்சு மணிக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது எழுந்து நின்னாரு. என் தோளைப் பிடிச்சுக்கிட்டாரு.

"சிவதாணுவாகிய நான், லில்லிபாயாகிய உன்னை, என் சட்டப்படியான மனைவியாக ஏற்றுக்கொள்கிறேன். இது சோதனை மட்டுமே."

எல்லாரும் அவரைப் பாத்தோம். அவரே அவரைக் குனிஞ்சு பாத்துக்கிட்டாரு. "நான் அதைச் சொல்லல. இது சோதனை மட்டுமே."

"காவல் இல்லாம ஓடுறது சோதனை முறைல்லா" அப்படின்னேன், தலையில கை வச்சுக்கிட்டு. "என்ன பேசினாலும் கடைசியில அதுவாச் சேக்கும். இது மேசையிலேயே வந்துச்சு, நான் பெருசா நினைக்கல."

மெஷின்ல பச்சை விளக்கு எரிஞ்சுச்சு. பேசியவர் சிவதாணு, வயது ஐம்பத்திரண்டு. மேடம் சட்டப் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தை ரெண்டு தடவை வாசிச்சாங்க.

"இந்த வாக்கியத்தைச் சொல்லணும்னுதான் போட்டிருக்கு. சொன்னதுக்கப்புறம் வேற ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு போடல." என்னைப் பாத்தாங்க. "ஆனா உங்களுக்குச் சம்மதமா? இவரு சோதனைன்னு சொல்றாரே."

"என் முதல் புருஷன் சோதனைன்னு சொல்லாமலே ரெண்டே வருசத்துல ஓடிப்போனான் மேடம். இவராவது சொல்லிட்டுச் செய்யுறாரு. எழுதுங்க."

எழுதினாங்க. அப்போதான் முதல் தடவையா அவங்க சிரிச்சாங்க.

எட்டு மாசமாச்சு. இவரு பேச்சுல ஒட்டின அந்த வால் போகல. போகணும்னா பெட்டியை அணைக்கணும், அது என் உசிரு இருக்கிற வரைக்கும் நடக்காது. பஸ் ஸ்டாண்டுல, "திருநெல்வேலி செல்லும் பேருந்து இப்போது புறப்படுகிறது. இது சோதனை மட்டுமே" அப்படின்னு அறிவிப்பாரு. முதல் வாரம் பாதிச் சனம் பஸ்ஸுல ஏறவே இல்ல. வீட்டுல, "குழம்புல உப்புக் கூடிப்போச்சு. இது சோதனை மட்டுமே" அப்படிம்பாரு. சண்டை வந்தா, "உன்கூட மனுசன் குடும்பம் நடத்த முடியாது. இது சோதனை மட்டுமே" அப்படின்னு முடிப்பாரு. அதுக்கு மேல எப்படிச் சண்டை போடுறது, நீங்களே சொல்லுங்க. அண்ணாச்சி ஒரு தடவை சாவிக்கொத்தோட வந்து, அம்மனையே திரும்பக் கையெழுத்துப் போடச் சொல்லவான்னு கேட்டாரு. "வேண்டாம் அண்ணாச்சி, அப்புறம் நான் பேசுறது என் பேச்சா இருக்காது. இது சோதனை மட்டுமே" அப்படின்னு இவரு அனுப்பி வச்சுட்டாரு.

போன ஞாயித்துக்கிழமை காலையில நான் சர்ச்சுக்குக் கிளம்பிக்கிட்டு இருந்தேன். வாசல்ல வந்து நின்னாரு. கழுத்துல இருக்கிற பொத்தானை அமுக்கிக் குரலை அணைச்சாரு. அது குரல்பெட்டிப் பொத்தான், நெஞ்சுப் பெட்டிக்குச் சம்பந்தமில்ல, இருந்தாலும் எனக்கு ஒரு நிமிஷம் உசிரே போச்சு. அப்புறம் உதட்டை மட்டும் அசைச்சு மூணு வார்த்தை சொன்னாரு.

"சத்தமாச் சொன்னா என்னவாம்?" அப்படின்னேன்.

மாட்டேன்னு தலையாட்டினாரு. கழுத்தைத் தொட்டுக் காட்டி, விரலை வால் மாதிரி ஆட்டிக் காட்டினாரு. சத்தமாச் சொன்னா அது வந்து ஒட்டிக்கிடுமாம். மறுபடியும் பைய, ஒவ்வொரு வார்த்தையா, சத்தமில்லாமச் சொன்னாரு.

சர்ச்சுல ரெண்டாம் மணி அடிச்சுது. நான் செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.